பச்சையா, பழுப்பா? ஒரே சோதனைக்குழாய், இரண்டு விடைகள்



இந்த வாரம் ஒரு சோதனைக்குழாயிலிருந்து தொடங்குவோம். வேதியியல் எடுத்தவர்களுக்கு இது பழகிய வேலைதான். உப்புக் கரைசலில் சில துளி சோடியம் ஹைட்ராக்சைடு விடுகிறோம். அழுக்குப் பச்சை நிறத்தில் வீழ்படிவு வந்தால் உள்ளே இருப்பது இரும்பு(2) அயனி. பழுப்பு நிறத்தில் வந்தால் இரும்பு(3) அயனி. பார்த்தவுடன் எழுதிவிடலாம், இரண்டு மதிப்பெண் உறுதி என்று நாம் நினைப்போம்.

ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவராவது அந்தக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சாய்த்து, மறுபடி பார்த்து, பிறகு பக்கத்து மேசைத் தாளை எட்டிப் பார்ப்பார். கேட்டால், "சார், ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?" என்பார். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவர் சோம்பேறி அல்லர், பாடம் படிக்காதவரும் அல்லர். வினைபொருள், விளைபொருள், சமன்பாடு எல்லாம் அவருக்குத் தெரியும். அந்த இரண்டு குழாய்களும் அவர் கண்ணுக்கு உண்மையிலேயே ஏறக்குறைய ஒன்றுபோல்தான் தெரிகின்றன. செய்முறைத் தாளில் 'கவனக்குறைவு' என்று எழுதிவிட்டால் அவருடைய சிக்கல் அங்கேயே மறைந்துபோகும்.

இதைத்தான் பேச்சுவழக்கில் நிறக்குருடு என்கிறோம். மலாயில் 'பூத்தா வார்னா'. இரண்டு சொற்களுமே எனக்குப் பிடித்தவை அல்ல, ஏனென்றால் இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நிறங்கள் தெரியும். எல்லா நிறங்களையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாகப் பிரித்தறிவதில்தான் சிக்கல். ஆகவே நிறப்பார்வைக் குறைபாடு என்றே இந்தக் கட்டுரையில் சொல்கிறேன்.

கண்ணுக்குள் மூன்று ஏற்பிகள்

நம் விழித்திரையில் இரண்டு வகை ஒளி உணர் அணுக்கள் உள்ளன. கோல் அணுக்கள் மங்கிய வெளிச்சத்துக்கானவை, அவற்றுக்கு நிறம் தெரியாது. கூம்பு அணுக்கள் பகல் வெளிச்சத்தில் நிறம் காண உதவுபவை. ஒரு கண்ணில் ஏறக்குறைய 60 லட்சம் கூம்பு அணுக்கள் இருக்கின்றன. அவற்றில் மூன்று வகை உண்டு. ஒருவகை 420 நானோமீட்டரை ஒட்டிய குறுகிய அலைகளுக்கும், இரண்டாவது 530-ஐ ஒட்டிய நடுத்தர அலைகளுக்கும், மூன்றாவது 560-ஐ ஒட்டிய நீண்ட அலைகளுக்கும் மிகுதியாகத் துலங்கும். பாடநூல்கள் இவற்றை நீலம், பச்சை, சிவப்புக் கூம்புகள் என்று சுருக்கிச் சொல்லும்.

அந்த எண்களை மறுபடி பாருங்கள். 530-க்கும் 560-க்கும் இடையே வெறும் 30 நானோமீட்டர்தான். 'சிவப்பு' கூம்பு மிகுதியாகத் துலங்கும் இடம் உண்மையில் சிவப்பே அல்ல, மஞ்சளை ஒட்டிய பச்சை. அப்படியானால் சிவப்பு எப்படித் தெரிகிறது? இரண்டு கூம்புகளும் அனுப்பும் சமிக்ஞைகளின் அளவை நரம்பு மண்டலம் ஒப்பிடுகிறது. நீண்ட அலைக் கூம்பு அதிகமாகவும் நடுத்தரக் கூம்பு குறைவாகவும் துலங்கினால் சிவப்பு. நேர்மாறாக இருந்தால் பச்சை. நிறம் என்பது ஒற்றை அளவீடு அல்ல. அது ஓர் ஒப்பீடு. ஒப்பிட இரண்டு இருக்க வேண்டும். ஒன்று இல்லாமல் போனாலோ, இரண்டும் ஒரே அலைநீளத்துக்குத் துலங்கும்படி மாறிவிட்டாலோ ஒப்பிடுவதற்கு ஒன்றுமில்லை. அப்போது சிவப்பு, ஆரஞ்சு, பழுப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் ஒரே குடும்பமாக, மஞ்சளும் பழுப்பும் கலந்த சாயல்களாகத் தெரியும். நீலம் மட்டும் தனித்து நிற்கும்.

நம் ஊர் எடுத்துக்காட்டு வேண்டுமா? ரம்புத்தான் மரத்தின் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். பச்சை இலைகளுக்கு நடுவே சிவந்த குலைகள் நம்மைக் கூப்பிடும். சிவப்பு-பச்சைக் குறைபாடு உள்ளவர் குலையின் வடிவத்தையும் முடியையும் வைத்துத்தான் கண்டுபிடிப்பார், அதற்குச் சற்று நேரமாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் நீர் சிவப்பாக மாறுவது நமக்கு வேடிக்கை. அவருக்கு அது கொஞ்சம் கருத்த மஞ்சள், அவ்வளவுதான். இந்த இரண்டாவது எடுத்துக்காட்டில் வேதியியலும் இருக்கிறது: மஞ்சள் ஒரு அமில-காரக் காட்டி, சுண்ணாம்பு ஒரு காரம்.

தன் கண்ணையே ஆராய்ந்த டால்ட்டன்

அணுக்கொள்கையில் நீங்கள் படிக்கும் ஜான் டால்ட்டனுக்கும் இந்தக் குறைபாடு இருந்தது. அதைப் பற்றி விரிவான முதல் அறிவியல் கட்டுரைகளில் ஒன்றை எழுதியவரும் அவரே. 1766-இல் இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தாவரவியலில் ஆர்வம் மிகுந்தவர். பூக்களின் நிறங்களைப் பற்றி மற்றவர்கள் பேசுவது அவருக்குப் பெரும்பாலும் குழப்பமாகவே இருந்தது. சொற்களைத்தான் தவறாகப் புரிந்துகொண்டோம் போலும் என்று எண்ணியிருந்தார்.

1792-இல் ஒரு ஜெரேனியப் பூவை மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்தார். பகலில் அவருக்கு வான நீலமாகத் தெரிந்த அந்தப் பூ, இப்போது நீலத்தின் சாயலே இல்லாமல் சிவப்பாகத் தெரிந்தது. நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்களுக்குப் பெரிய மாற்றம் ஏதும் தெரியவில்லை. அவருடைய சகோதரர் மட்டும், தமக்கும் அப்படியே தெரிகிறது என்றார். அந்த இடத்தில்தான் டால்ட்டனுக்குப் பொறி தட்டியது: சிக்கல் சொல்லில் இல்லை, கண்ணில் இருக்கிறது, அதுவும் குடும்பத்தில் வருகிறது.

அப்போது அவருக்கு வயது 26. அதுவரை அவர் தம் கண்ணைச் சந்தேகித்ததே இல்லை. பிறந்ததிலிருந்து ஒரே உலகத்தைப் பார்ப்பவருக்கு ஒப்பிட வேறு உலகம் கிடையாது. உங்கள் வகுப்பில் இந்தக் குறைபாடு உள்ளவரும், அது தமக்கு உண்டு என்று தெரியாமலேயே இருக்கக்கூடும்.

1794-இல் மான்செஸ்டரில் ஓர் அறிஞர் சபையில் டால்ட்டன் தம் கட்டுரையை வாசித்தார். தம் கண்ணுக்குள் இருக்கும் கண்ணாடி போன்ற திரவம் நீல நிறமாக இருக்க வேண்டும், அது சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடுகிறது என்பது அவருடைய கருதுகோள். நல்ல கருதுகோள், ஏனென்றால் அதைச் சோதிக்க முடியும். உயிரோடு இருக்கும்போது முடியாது என்பதால், தாம் இறந்த பிறகு கண்ணை எடுத்துப் பார்க்கும்படி சொல்லி வைத்தார். 1844-இல் அவர் மறைந்ததும் மருத்துவர் அப்படியே செய்தார். திரவத்தில் நீலமே இல்லை. கருதுகோள் தோற்றது.

கதை அதோடு முடியவில்லை. கண்ணின் பகுதிகளைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். 1995-இல், ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்குப் பிறகு, அதிலிருந்து டி.என்.ஏ. எடுத்து ஆராய்ந்தார்கள். நடுத்தர அலைக் கூம்புக்கான மரபணு அவருக்கு இல்லை என்பது தெரிய வந்தது. செய்முறைத் தாளில் 'கருதுகோள் ஏற்கப்படவில்லை' என்று எழுதத் தயங்குபவர்கள் டால்ட்டனை நினைத்துக்கொள்ளலாம்.

தாய்மாமாவைக் கேளுங்கள்

நடுத்தர அலைக் கூம்பு, நீண்ட அலைக் கூம்பு இரண்டுக்குமான மரபணுக்களும் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. அவை உருவாக்கும் புரதங்களில் 364 அமினோ அமிலங்கள் உண்டு. அவற்றில் இரண்டுக்கும் இடையே வேறுபடுபவை ஏறக்குறைய 15 மட்டுமே. அவ்வளவு ஒற்றுமை! குன்றல் பிரிவின்போது குரோமோசோம்கள் இணையாக நின்று துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும் என்று படித்திருப்பீர்கள். இரண்டு மரபணுக்கள் இவ்வளவு ஒத்திருந்தால் இணை சேர்வது ஒரு இடம் தள்ளிப் போய்விடலாம். அப்படி நடந்தால் ஒரு குரோமோசோமுக்கு ஒரு மரபணு கூடுதலாகவும், மற்றதற்கு ஒன்று குறைவாகவும் போய்ச் சேரும். சில வேளைகளில் பாதி இது, பாதி அது என்று கலப்பு மரபணுவும் உண்டாகும். கலப்பு மரபணு உள்ளவர்களுக்கு மூன்று கூம்புகளும் இருக்கும், ஆனால் இரண்டின் துலக்கம் மிக நெருங்கிவிடும். லேசான குறைபாடுகள் பெரும்பாலும் இப்படி வருபவை. இவர்கள்தான் எண்ணிக்கையிலும் அதிகம், தங்களுக்கே தெரியாமல் இருப்பவர்களும் பெரும்பாலும் இவர்களே.

ஆண்களுக்கு ஒரே ஒரு எக்ஸ்தான். அதில் பழுது என்றால் ஈடுகட்ட இன்னொன்று இல்லை. பெண்களுக்கு இரண்டு இருப்பதால், ஒன்றில் பழுது இருந்தாலும் மற்றது காப்பாற்றிவிடும். அவர்கள் கடத்திகளாக மட்டும் இருப்பார்கள். வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறக்குறைய 100-க்கு 8 பேருக்கும், ஆசிய ஆண்களில் ஏறக்குறைய 100-க்கு 4 அல்லது 5 பேருக்கும் சிவப்பு-பச்சைக் குறைபாடு உண்டு. நம் கணக்குக்கு 20-இல் ஒருவர் என்று எடுத்துக்கொள்வோம். 40 பேர் வகுப்பில் 20 பையன்கள் என்றால் சராசரியாக வகுப்புக்கு ஒருவர். பெண்களுக்கு இரண்டு எக்ஸிலும் பழுது இருக்க வேண்டும்: 20-இல் 1 பெருக்கல் 20-இல் 1, அதாவது 400-இல் ஒருவர்.

தேர்வில் மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அப்பாவுக்குக் குறைபாடு இருந்தால் மகனுக்கு வருமா? அப்பாவிடமிருந்து மகனுக்குப் போவது ஒய் குரோமோசோம். எக்ஸ் அம்மாவிடமிருந்துதான் வருகிறது. ஆகவே அப்பாவின் குறைபாடு மகனுக்கு நேரடியாகப் போகாது. எல்லா மகள்களையும் கடத்திகளாக்கும், அந்த மகள்களின் மகன்களிடம் மீண்டும் தலைகாட்டும்.

பையன்களே, உங்கள் குடும்பத்தில் இதை ஆராய விரும்பினால் சித்தப்பா, பெரியப்பாவைக் கேட்டுப் பயனில்லை. அம்மா வழித் தாத்தாவையும் தாய்மாமாவையும் கேளுங்கள். தாத்தாவுக்குக் குறைபாடு இருந்தால் உங்கள் அம்மா கட்டாயம் ஒரு கடத்தி. உங்களுக்கு வரும் வாய்ப்பு 2-இல் 1. தாத்தாவுக்கு இல்லை, ஆனால் தாய்மாமாவுக்கு இருக்கிறது என்றால் பாட்டி கடத்தி. அம்மா கடத்தியாக இருக்கும் வாய்ப்பு 2-இல் 1. உங்களுக்கு வரும் வாய்ப்பு 4-இல் 1. பன்னெட் சதுரம் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நீலத்தை உணரும் கூம்பில் வரும் பரம்பரைக் குறைபாடு மிக அரிது. அந்த மரபணு 7-ஆம் குரோமோசோமில் இருப்பதால் ஆண், பெண் வேறுபாடு அதில் இல்லை.

எப்போது தெரிந்துகொள்வது நல்லது?

1875-இல் சுவீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதின. நிறப்பார்வைக் குறைபாடு அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஹோல்ம்கிரன் என்ற உடலியல் அறிஞர் வாதிட்டு, நிறம் நிறமான கம்பளி நூல்களைப் பொறுக்கச் சொல்லி ரயில் ஊழியர்களைச் சோதித்தார். விபத்துக்கு உண்மையில் அதுதான் காரணமா என்பதில் இன்று கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் வேலைக்கு முன் நிறப்பார்வைச் சோதனை என்ற வழக்கம் அந்தக் காலத்தில்தான் பரவியது. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917-இல் வெளியிட்டவை. புள்ளிகளின் வெளிச்சத்தை வேண்டுமென்றே கலைத்துப் போட்டிருப்பார், வெளிச்ச வேறுபாட்டை வைத்து ஊகிக்க முடியாதபடி.

கைப்பேசித் திரையில் கிடைக்கும் அட்டைகளை நம்பி முடிவுக்கு வராதீர்கள். திரையின் நிறம் கருவிக்குக் கருவி மாறும். கண் மருத்துவரிடமோ கண் பரிசோதகரிடமோ அச்சிட்ட அட்டையில் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும்.

இதை 18 வயதில் அல்ல, 14 வயதில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. விமானி, ரயில் ஓட்டுநர் போன்ற வேலைகளுக்கு நிறப்பார்வைச் சோதனை உண்டு. சில தொழில்நுட்பப் படிப்புகளின் சேர்க்கை நிபந்தனைகளில் 'தீடாக் பூத்தா வார்னா' என்று ஒரு வரி இருக்கும். எஸ்.பி.எம். முடித்து, மதிப்பெண்ணும் கிடைத்து, மனுச் செய்யும் நேரத்தில் அந்த வரி கண்ணில் பட்டால் எப்படி இருக்கும்? முன்பே தெரிந்தால் துறையை யோசித்துத் தேர்ந்தெடுக்கலாம். தடை என்பது சில வேலைகளுக்குத்தான். வேதியியல் படிக்கவே முடியாது என்று யாராவது சொன்னால், டால்ட்டன் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

சிறப்புக் கண்ணாடி அணிந்தால் சரியாகிவிடுமா என்று பலர் கேட்கிறார்கள். அந்தக் கண்ணாடிகள் இரண்டு கூம்புகளின் துலக்கம் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதியிலுள்ள ஒளியை வடிகட்டுகின்றன. கலப்பு மரபணு உள்ள சிலருக்குச் சில நிறங்களின் வேறுபாடு தூக்கலாகத் தெரியலாம். ஒரு கூம்பே இல்லாதவருக்கு எந்தக் கண்ணாடியும் அதைக் கொண்டுவந்து கொடுக்காது. காணொளிகளில் அழுகிறவர்களைப் பார்த்துப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

ஆய்வுக்கூடத்தில் என்ன செய்யலாம்

முதலில் எந்தச் சோதனை கடினம், எது எளிது என்று தெரிய வேண்டும். மெத்தில் ஆரஞ்சு சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறுவது இவர்களுக்குக் கடினம். அனைத்துக்காட்டியில் ஆரஞ்சு, மஞ்சள், பச்சை மூன்றும் குழம்பும், அதாவது பி.எச். 4 எது, 7 எது என்பதே குழப்பம். பினோல்ப்தலீனின் மெல்லிய இளஞ்சிவப்பு சாம்பல் போலத் தெரியலாம். ஆனால் புரோமோதைமோல் நீலம் மஞ்சளிலிருந்து நீலத்துக்கு மாறுவது தெளிவாகத் தெரியும். வலிமையான அமிலத்தை வலிமையான காரத்தால் தரம்பார்க்கும்போது அதையே பயன்படுத்தலாம்; விடை மாறாது. மாவுப்பொருளுக்கான அயோடின் சோதனையில் சிக்கல் குறைவு. நிறத்தோடு கருமையும் மாறுகிறதல்லவா? பெனடிக்ட் சோதனையில் நீலமும் செங்கல் நிறமும் பிரிந்து தெரியும், இடையில் வரும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சுதான் தொல்லை.

நாம் தொடங்கிய இரும்பு அயனிகளுக்கும் வேறு வழி இருக்கிறது. பொட்டாசியம் ஹெக்சாசயனோபெரேட்(3) கரைசலை விடுங்கள். இரும்பு(2) இருந்தால் அடர்நீல வீழ்படிவு. இரும்பு(3) இருந்தால் பழுப்புச் சாயலில் கரைசல் மட்டும், வீழ்படிவு இல்லை. நீலமா, இல்லையா என்பதுதான் கேள்வி. அது அவருக்கும் தெரியும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: பச்சை வீழ்படிவைக் காற்றில் சிறிது நேரம் வைத்தால் மேற்பகுதி ஆக்ஸிஜனேற்றம் அடைந்து பழுப்பாகிவிடும். தாமதமாகப் பார்த்தால் நல்ல நிறப்பார்வை உள்ளவரும் தவறாக எழுதுவார்.

மின்தடையில் உள்ள நிறப் பட்டைகளைப் படிக்க முடியாவிட்டால் மல்டிமீட்டரில் அளந்துவிடலாம்; உண்மையில் அதுவே நம்பகமானது. மூன்று பின் செருகியில் புவித்தொடுப்புக் கம்பி பச்சையும் மஞ்சளுமாகக் கோடு போட்டிருக்கும். நிறம் தெரியாவிட்டாலும் கோடு தெரியும். இதுதான் நல்ல வடிவமைப்பு: ஒரே செய்தியை நிறத்தாலும் சொல்வது, வேறொன்றாலும் சொல்வது. போக்குவரத்து விளக்கில் சிவப்பு மேலே, பச்சை கீழே என்று இருப்பதும் அப்படித்தான்.

குழுவில் ஒருவர் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல, மற்றவர் பதிவு செய்து, முடிவை இருவரும் சேர்ந்து எழுதலாம். அவதானிப்பை ஒருவர் கொடுத்தாலும் அனுமானம் அவரவர் மூளையில்தான் நடக்க வேண்டும். செய்முறைத் தேர்வில் என்ன ஏற்பாடு கிடைக்கும் என்பதைப் பள்ளி வழியாகவே கேட்க வேண்டும், தேர்வு மாதத்தில் அல்ல, ஆண்டுத் தொடக்கத்திலேயே. மருத்துவர் கடிதம் கையில் இருந்தால் பேச்சு எளிது.

ஒரு வேண்டுகோள். நண்பருக்குக் குறைபாடு என்று தெரிந்தவுடன் பென்சில், சட்டை, புத்தகப்பை என்று ஒவ்வொன்றாகத் தூக்கி, "இது என்ன கலர்? இது?" என்று கேட்காதீர்கள். அவர் வாழ்க்கையில் அதை நூறு முறை கேட்டிருப்பார்.

கேட்கிறது, ஆனால் புரியவில்லை

கண்ணைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டுக் காதை விட முடியாது. அங்கும் இதே கதைதான்: முற்றிலும் கேட்காதவரைவிட, பாதி கேட்பவரைத்தான் நாம் தவறாகப் புரிந்துகொள்கிறோம்.

உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணிலும் உரத்தும் இருக்கும். மெய்களில் பல, குறிப்பாக உரசி வரும் ச, ஃப போன்றவை, உயர்ந்த அதிர்வெண்ணிலும் மெலிதாகவும் இருக்கும். உட்செவியில் உயர் அதிர்வெண்ணை உணரும் மயிரணுக்கள் பழுதானவருக்கு உயிரொலி கேட்கும், மெய் நழுவும். பாடம், பாசம், பாலம், பாரம், பாகம் – இந்த ஐந்து சொற்களையும் சொல்லிப் பாருங்கள். நடுவில் உள்ள மெய் மங்கினால் ஐந்தும் ஏறக்குறைய ஒன்றுதான். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், ஆனால் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத விடை சொல்வார். 'கவனிப்பதில்லை' என்ற பட்டம் உடனே கிடைக்கும்.

இதில் இயற்பியலும் இருக்கிறது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி மட்டம் 6 டெசிபல் குறையும். ஆசிரியரின் குரல் 1 மீட்டரில் 60 டெசிபல் என்றால், 2 மீட்டரில் 54, 4 மீட்டரில் 48, 8 மீட்டரில் 42. அறைக்குள் எதிரொலி சேர்வதால் இந்த அளவுக்குக் குறையாது. ஆனால் அந்த எதிரொலியே மெய்களை இன்னும் குழப்பும். மின்விசிறிகளும் பக்கத்து வகுப்பும் சேர்ந்து 50 டெசிபல் இரைச்சல் என்று வைத்துக்கொண்டால், கடைசி வரிசையில் குரல் இரைச்சலுக்குள் மூழ்கியிருக்கும். செவித்திறன் குறைந்தவருக்குக் குரல் இரைச்சலைவிடக் குறைந்தது 15 டெசிபல் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது வல்லுநர் பரிந்துரை. கணக்குப் போட்டால் அவர் உட்கார வேண்டிய இடம் எது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

காதுக்கருவி அணிந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் எண்ணாதீர்கள். அது குரலோடு இரைச்சலையும் பெரிதாக்கும். அதனால்தான் சிலருக்கு ஆசிரியர் சட்டையில் மாட்டிக்கொள்ளும் ஒலிவாங்கி தருகிறார்கள். அது குரலை ரேடியோ அலை வழியாக நேரே கருவிக்கு அனுப்பும். குழுக் கலந்துரையாடலில் அந்த ஒலிவாங்கியைப் பேசுபவரிடம் கைமாற்றிக் கொடுங்கள். ஒரு காது மட்டும் கேட்பவர் என்றால், நல்ல காது வகுப்பைப் பார்க்கும்படி ஓரத்து இருக்கையை அவருக்கு விடுங்கள். ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது அவருக்குத் தெரியாது. பேசத் தொடங்கும் முன் கையை உயர்த்தினால் போதும். கத்த வேண்டாம். கத்தும்போது உயிரொலிதான் பெரிதாகிறது, தேவைப்பட்ட மெய் பெரிதாவதில்லை. முகம் பார்த்து, அதே செய்தியை வேறு சொற்களில் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்

வீட்டில் ஒரு கைப்பிடி சிவப்பு மிளகாயையும் பச்சை மிளகாயையும் ஒரு தட்டில் கலந்து வைத்து, கைப்பேசியில் படம் எடுங்கள். படத்தைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றி, எது சிவப்பு என்று வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். எத்தனை சரி, எத்தனை தவறு என்று அட்டவணை போடுங்கள். கறுப்பு-வெள்ளை என்பது உண்மையான நிறப்பார்வைக் குறைபாட்டைவிடக் கடுமையான சோதனை. அதனால்தான் அடுத்த வேலைக்கு அது பொருத்தம்.

கடைசியாக நீங்கள் வரைந்த அறிவியல் வரைபடத்தை, அல்லது குழுப் படைப்புக்குச் செய்த திரைக்காட்சியை எடுத்து அதையும் அப்படியே மாற்றிப் பாருங்கள். சிவப்புக் கோடு எது, பச்சைக் கோடு எது என்று சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் ஒரு கோட்டில் வட்டப் புள்ளிகளும் மற்றதில் முக்கோணப் புள்ளிகளும் வைத்து, கோட்டின் நுனியிலேயே பெயரை எழுதி, மறுபடி படம் எடுத்துப் பாருங்கள்.